இரண்டு பேர் படிக்க வேண்டும்

அவள் இறந்து பதினெட்டாம் நாள் காலை, அவள் வீட்டுக்காரர் விளாங்குடியிலிருந்து பைக்கில் வந்தார். ஒரு ஜவுளிக்கடைப் பையில் சுற்றியிருந்த அவளுடைய லேப்டாப்பை என்னிடம் நீட்டினார். நான்தான் போன் செய்து கேட்டிருந்தேன். காரியம் முடிந்து இரண்டு நாள்கூட ஆகாத வீட்டில் போய் லேப்டாப் கேட்கிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதைப் போலத்தான் கேட்டேன். அவரும் அப்படித்தான், "சரிக்கா, கொண்டாரேன்" என்றார்.

நான் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்றுக் கொடுத்து, விருப்ப ஓய்வு பெற்றவள். அவள் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். எட்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். அது என்ன வேலை என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஒரு மருந்து பலன் தருமா, ஒரு திட்டம் வேலை செய்யுமா என்று உலகத்தில் பலர் பல ஊர்களில் ஆய்வு செய்திருப்பார்கள். ஆளுக்கொரு பதில் சொல்லியிருப்பார்கள். ஒருவர் ஆம் என்பார், ஒருவர் இல்லை என்பார், ஒருவர் கொஞ்சம் என்பார். அத்தனையையும் ஒன்று விடாமல் தேடிப் பிடித்து, எது ஒழுங்காகச் செய்யப்பட்டது, எது அரைகுறை என்று பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்வது ஒரு தனித் துறை. அப்படிச் சேர்ப்பதற்கான முறைகளுக்கென்றே பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு கழகம் நடத்துகிறார்கள். நானும் அவளும் அதில் உறுப்பினர்கள். மதுரையில் எங்களுக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு நாட்டில் அதன் மாநாடு நடக்கும். நாங்கள் நேரில் போனதே இல்லை. கே.கே. நகரில் என் வீட்டு மாடியறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு லேப்டாப்பில் பார்ப்போம். அவள் வரும்போது வழியில் சூடாகப் பருப்பு வடை வாங்கி வருவாள். யாராவது பேச்சை இழுத்தடித்தால், "இவரு இம்புட்டு நேரம் பேசுறதுக்கு ஒரு ஆய்வே செஞ்சிருக்கலாம்க்கா" என்பாள்.

இந்த வேலையில் மாற்ற முடியாத விதி ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆய்வையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒருவர் எடுத்த எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. கடைசியில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். எங்கே வேறுபடுகிறதோ அங்கே பேசித் தீர்க்க வேண்டும். தீரவில்லை என்றால் மூன்றாவது ஆளிடம் போக வேண்டும். எட்டு வருடத்தில் நாங்கள் மூன்றாவது ஆளிடம் போனதே இல்லை. போனில் சண்டை போட்டுத் தீர்த்துவிடுவோம். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். நான் அட்டவணையைப் பார்ப்பவள். அவள் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் பார்ப்பவள்.

அவளுக்கு வந்த நோயின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அபூர்வமானது. எழுதினால் யாராவது தேடிப் படித்துவிட்டு, தனக்கும் இருக்குமோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாசி மாதம் ஒரு நாள் காலை தலைவலி என்று படுத்தாள். மறுநாள் பேச்சு குழறியது. மதுரையிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பத்தொன்பது நாள் இருந்தாள். மூன்றாவது நாள் நான் போனபோது நினைவு தெளிவாக இருந்தது. என் கையைப் பிடித்து, நாக்கைச் சிரமப்பட்டுத் திருப்பி, "தாள ஒப்பிட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். "நீ வா, சேர்ந்து பாப்போம்" என்றேன். அதற்குப் பிறகு நான் போனபோதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள்.

இறந்த அன்று விளாங்குடி வீட்டு முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த அவளுடைய ஒரே மகளை யாரோ தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். எல்லாரும் அழுதார்கள். நான் ஷாமியானாத் துணியில் அச்சிட்டிருந்த போன் நம்பரை இரண்டு தடவை வாசித்தேன். கடைசி எண் அழிந்திருந்தது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, தயிர்சாதம் சாப்பிட்டேன். ருசி தெரிந்தது. அதுதான் எனக்கு விநோதமாக இருந்தது, உப்புகூடச் சரியாகத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். நான் அவளோடு பேசியதெல்லாம் தமிழ். என் வீட்டுக்காரர் எங்கள் மொழியில் அவளைப் பற்றி ஏதாவது கேட்பார். பதில் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்காது. அந்த மொழியில் நான் அவளைப் பற்றிப் பேசியதே இல்லை போலிருக்கிறது. "அழுதுடேன்" என்று ஒரு நாள் சொன்னார். அரிசியைக் களைந்து வைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன்.

லேப்டாப்பைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய தாள் அதில்தான் இருந்தது. கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிட, போனில் நினைவூட்டுச் செய்தி அனுப்பினால் பலன் உண்டா என்பதுதான் எங்கள் கடைசி வேலை. கழகத்தின் மாநாட்டில் அதைப் பற்றிப் பேச எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஆறு வாரம் இருந்தது. நான் நடந்ததை எழுதி, விலகிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வருத்தம் தெரிவித்து, எப்படி வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று பதில் வந்தது. விலகலாம், பேசலாம். இரண்டுக்கும் எனக்குள் ஒரே எடைதான் இருந்தது. வேலை பாதியில் கிடக்கிறது என்பதால் பேசுகிறேன் என்று எழுதிவிட்டேன்.

அன்று லேப்டாப்பைக் கொடுத்த பிறகும் அவள் வீட்டுக்காரர் போகவில்லை. அவருக்குக் கரண்ட் ஆபீசில் வேலை. வெயிலில் கறுத்த பெரிய உடம்பு. சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். காபி ஆறிப்போய் ஆடை கட்டியது.

"அக்கா, ஒன்னு கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்க தம்பி."

"அஞ்சாம் நாளு டாக்டர் என்னையக் கூப்பிட்டு ரெண்டயும் சொன்னாரு. சென்னைக்குக் கொண்டுபோறதுன்னாலும் போகலாம், இங்க வச்சுப் பாக்குறதுன்னாலும் பாக்கலாம், முடிவு உங்களுதுன்னாரு. நான் இங்கயே பாப்போம்னுட்டேன். வழியில ஏதாச்சும் ஆயிருமோன்னு பயம். ரோட்டுல வச்சு அவ போயிறக் கூடாதுல்ல."

"ம்."

"இப்ப மச்சான், அவ அண்ணன், எங்கூடப் பேசுறதில்ல. அத்தை காரியத்தன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிருச்சு, எம் மகள வச்சுப் பாத்துக்கிட்டே இருந்துட்டான்னு." கையிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பி வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் இதத்தான செய்வீங்க? உலகத்துல எழுதுனதயெல்லாம் ஒன்னாச் சேத்து, இதுதான் சரின்னு சொல்லுவீங்க. இதையும் பாருங்கக்கா. கொண்டுபோயிருந்தா பொழச்சிருப்பாளா? எதுன்னாலும் சொல்லுங்க. எனக்குத் தெரியணும்."

பார்க்கிறேன் என்றேன்.

முதலில் மாநாட்டு வேலையை முடித்தேன். அவளுடைய தாளையும் என்னுடைய தாளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். பதினோரு இடத்தில் வேறுபட்டது. பேசித் தீர்க்க ஆள் இல்லை. விதிப்படி மூன்றாவது ஆளிடம் போனேன். கழகத்தில் பழைய உறுப்பினர் ஒருவர், நான் முகம் பார்த்திராத வெளிநாட்டுப் பெண்மணி, ஒத்துக்கொண்டார். எது யாருடைய எண் என்று சொல்லாமல் இரண்டையும் அனுப்பினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. எட்டு இடத்தில் அவள் சரி. மூன்றில் நான்.

அந்த எட்டில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஓர் ஆய்வில் பெண்களிடம், "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு எழுதிய எண்ணை நான் எடுத்திருந்தேன். அவள் அதை விட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனை எண்ணை எடுத்திருந்தாள். ஓரத்தில் ஒரு குறிப்பும் தமிழில் எழுதி வைத்திருந்தாள்: "மெசேஜ் அனுப்பின நர்ஸே வந்து சாப்பிட்டியான்னு கேட்டா யார் இல்லன்னு சொல்லுவா? அடிக்குறிப்பு பார்க்க." நான் அடிக்குறிப்பைப் பார்க்கவில்லை. பார்த்தபோது அவள் சொன்னது அப்படியே இருந்தது.

அவளுடைய எண்களை வைத்துத் திரும்பவும் சேர்த்தபோது, முதலில் நல்ல பலன் என்று நான் நினைத்திருந்தது இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. பெரிய செய்தி இல்லை. ஆனால் தவறான செய்தியைச் சொல்வதிலிருந்து அவள் என்னைக் காப்பாற்றியிருந்தாள். போன் செய்து, "சரி, நீதான் ஜெயிச்ச" என்று சொல்லும் இடம் அது. போனை எடுத்தேனா என்றால், இல்லை. அவள் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மறந்துபோய் எண்ணை அழுத்துவதாகப் பலர் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒரு தடவையும் நடக்கவில்லை.

சித்திரையில் ஒரு நாள் பிற்பகல் பேசினேன். நாற்காலி ஒன்று போதும், இன்னொன்றை மடக்கி வைக்கலாம் என்று பார்த்தால் அது மடக்கும் நாற்காலி இல்லை. அப்படியே கிடந்தது. தலைமை தாங்கியவர், ஆரம்பிக்கும் முன் அவளுக்காக ஒரு நிமிடம் மௌனமாக இருக்கச் சொன்னார். அவள் பெயரைத் தப்பாக உச்சரித்தார். நான் திருத்தவில்லை. திரையில் எத்தனையோ நாட்டு முகங்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் தலை குனிந்திருந்தன. ஒருவர் வீட்டு நாய் மட்டும் குரைத்தது. பிறகு நான் பேசினேன், இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னேன், முடிந்தது. கீழே போய்த் துவைத்த துணியை உலர்த்தினேன்.

அதன் பிறகுதான் அவள் வீட்டுக்காரருடைய கேள்வியை எடுத்தேன். எட்டு வருடத்தில் முதல் தடவையாகத் தனியாகப் படித்தேன். அந்த வெளிநாட்டுப் பெண்மணியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதை இன்னொருவரிடம் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு உட்கார்ந்து ஒரு மணிக்கு எழுவேன். நோயாளிகளின் வயதும் நாளும் பத்தியில் வரும். அவள் வயதுக்காரி ஒருத்தி வந்தால் அடுத்த வரிக்குப் போவேன். மனசு எங்கேயும் இடறவில்லை. இடறாதது நல்லதா கெட்டதா என்று யோசித்தேன். அதுவும் நீடிக்கவில்லை.

கிடைத்தது கொஞ்சம். அந்த நோய்க்குப் பெரிய ஆய்வே கிடையாது. சின்னச் சின்னதாகச் சில. பெரிய மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவர்கள் அதிகம் பிழைத்ததாகச் சில சொல்லின. வேறு சில, வித்தியாசம் இல்லை என்றன. அதிகம் பிழைத்தார்கள் என்று சொன்னவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்தத் தடவை அடிக்குறிப்புகளையும் படித்தேன். பிறகு ஒரு பக்கத்தில், தமிழில், எளிமையாக எழுதினேன். கீழே, "இது ஒருவர் மட்டும் படித்தது. தவறு இருக்கலாம்" என்று போட்டேன்.

அவருக்குப் போன் செய்தேன். "எனக்கு மட்டும் சொன்னாப் பத்தாதுக்கா. ஊருக்கு வாங்க. அவுங்களும் கேக்கட்டும்" என்றார்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். நாகமலை புதுக்கோட்டை வரை பஸ்ஸில் போனேன். அங்கிருந்து அவர் பைக்கில் ஏற்றிக்கொண்டார். மேற்கே ஏழெட்டு மைல் உள்ளே அவள் பிறந்த ஊர். ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பம். அவள் அண்ணன்தான் முதலில் ஒரு ஏக்கர் வாங்கி, தென்னை வைத்து, தங்கையைப் படிக்க வைத்தவர். அது அவளே என்னிடம் பல தடவை சொன்னது. மாடி வைத்த வீடு. உள்ளே டைல்ஸ் தரை. சுவரில் பட்டமளிப்பு விழா உடையில் அவளுடைய படம், மாலையோடு. படத்துக்கு நேர் எதிரே எனக்கு நாற்காலி போட்டார்கள்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மச்சினனை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் அம்மா தரையில், சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் வீட்டுக்காரர் வாசல் நிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

நான் பக்கத்தை வாசித்தேன். வகுப்பில் வாசிப்பதுபோல வாசித்தேன். முடித்ததும் அண்ணன் கேட்டார்.

"அப்ப, கொண்டுபோனவுக நெறயாப் பேரு பொழச்சிருக்காக. அதான எழுதியிருக்கு?"

"சிலதுல அப்படி இருக்குண்ணே. ஆனா அத வச்சுச் சொல்ல முடியாது."

"எழுதியிருக்குங்கிறீக. சொல்ல முடியாதுங்கிறீக."

"யாரக் கொண்டுபோனாங்கன்னு பாத்தேன். ஆம்புலன்ஸ்ல அம்புட்டுத் தூரம் தாங்குவாங்கன்னு டாக்டர் நினைச்சவங்களத்தான் ஏத்தியிருக்காங்க. ரொம்ப முடியாதவங்கள இருந்த இடத்துலயே வச்சுட்டாங்க. அப்ப, போனவங்க பொழச்சது போனதுனாலயா, இல்ல ஏற்கெனவே தெம்பா இருந்ததுனாலயா?"

அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"சந்தைக்கு ஓட்டிட்டுப் போற மாடு நடக்குற மாடாத்தான் இருக்கும்" என்றார். "படுத்த மாட்ட ஓட்ட மாட்டாக. சந்தையில நிக்கிறதப் பாத்துட்டு, சந்தைக்கு வந்ததுனால மாடு நல்லாருக்குன்னு சொன்னா கிறுக்குத்தனம்."

"அதேதாண்ணே." எத்தனையோ வருடமாக மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இதை விளக்க நான் படம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்ப மாப்ள செஞ்சது சரிங்கிறீகளா?"

"சரின்னு சொல்ல ஆதாரம் இல்ல."

"தப்புன்னு?"

"அதுக்கும் இல்ல. எனக்குத் தெரியல. எனக்குன்னு இல்ல, யாருக்கும் தெரியல. அந்த டாக்டருக்கும் தெரியாது. அதனாலதான் ரெண்டையும் சொல்லி முடிவ இவருகிட்ட விட்டுட்டாரு."

நிலையருகே நின்றவர் குனிந்து தரையைப் பார்த்தார். அவருக்கு, சரி என்ற ஒரு சொல் வேண்டியிருந்தது. தப்பு என்றுகூட இருந்திருந்தால் பிடித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். தெரியாது என்பதை அவரிடம் கொடுத்துவிட்டு நான் தாளை மடித்தேன்.

அம்மாதான் பேசினார். என்னைப் பார்த்தார்.

"எம் மகளும் இதத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தாளா? சனிக்கிழம சனிக்கிழம உங்க வீட்டுக்கு வந்து?"

"ஆமாம்மா."

"கடைசியில தெரியலன்னு சொல்றதுக்கா?"

"சில நேரம் தெரியும்மா. நிறைய நேரம் தெரியாது. தெரியாதத தெரிஞ்ச மாதிரி நான் சொல்லிடாம அவதான் பாத்துக்கிட்டா. என்னையவிட அவ கெட்டி."

அவர் தலையசைத்தார். ஒத்துக்கொண்டதுபோலவும் இருந்தது, போதும் என்பதுபோலவும் இருந்தது. "மெட்ராசுக்குக் கொண்டுபோயிருக்கலாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். அந்தத் தாள் அவருக்குப் பொருட்டே இல்லை. இருக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அண்ணன் எழுந்து செருப்பை மாட்டினார். வாசலில் நின்றவரைக் கடந்து போகும்போது நின்றார். "மாப்ள, மோட்டாரப் போட்டுட்டு வாரேன். கோழி அடிச்சிருக்கு. அவுங்களக் கூட்டிக்கிட்டு உக்காருங்க" என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு அண்ணன் தன்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று பிறகு பைக்கில் வரும்போது இவர் சொன்னார். அப்போது அவர் கை கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கோழி சாப்பிடுவதில்லை. ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். படத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். படத்தில் அவளுக்குக் கழுத்துவரை மூடிய கறுப்பு அங்கி. அது யாருக்கோ தைத்தது, தோளில் தொங்கியது.

போகும்போது அந்தத் தாளை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு அவள் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். நான்காக மடித்து, சட்டைப் பையில், அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்தார்.

ஆனி மாதம் கழகத்தின் கணினி தானாக அனுப்பும் கடிதம் ஒன்று வந்தது. உறுப்பினராகத் தொடரவில்லை என்றால் காரணத்தைத் தெரிவியுங்கள் என்று அவள் பெயருக்கு வந்தது. அவளைச் சேர்த்துவிட்டது நான் என்பதால் என் முகவரிக்கும் நகல் வந்தது. பணி மாற்றம், ஓய்வு, ஆர்வமின்மை, மற்றவை என்று நான்கு கட்டங்கள். மற்றவை என்பதைத் தொட்டு அனுப்பினேன். விளக்கம் எழுத இடம் இருந்தது. எழுதவில்லை. புதிதாக என்னோடு சேர்ந்து படிக்க ஆள் வேண்டுமா என்று அந்த வெளிநாட்டுப் பெண்மணி கேட்டு எழுதியிருந்தார். அதற்கு இன்னும் பதில் போடவில்லை.

ஆடி முதல் வாரத்தில் அவள் அண்ணன் போன் செய்தார். என் நம்பர் மாப்பிள்ளையிடம் வாங்கியதாகச் சொன்னார். இருவரும் இப்போது வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்களாம். அவள் மகள் லீவுக்கு வந்து ஊரில்தான் இருக்கிறாளாம்.

"ஒரு விசயம் கேக்கணும். தென்னையில வெள்ள ஈ விழுந்துருச்சு. ஒருத்தன் மருந்து விக்க வந்துருக்கான். நாலு ஊருல அடிச்சுச் சரியாயிருச்சுங்கிறான். எந்த நாலு ஊரு, அங்க மழை பேஞ்சுச்சா, ஈ தானாப் போச்சான்னு கேட்டேன். முழிக்கிறான். நீங்க கொஞ்சம் சேத்துப் பாத்துச் சொல்லுங்க."

"தென்னை பத்தி எனக்குத் தெரியாதுண்ணே."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அதுக்குத்தான் கேக்குறேன்."

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். தேடியதில் கொஞ்சம் கட்டுரைகள் கிடைத்திருக்கின்றன. மாடியறையில் லேப்டாப்பில் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் திறக்கவில்லை.